புது வருஷத்துக்குச் சின்னதா ஒரு ஆசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்தால் கடை முன்னால் டைரியும் காலண்டரும்தான் தொங்கும். டைரியைப் புரட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் விலை கேட்ட கையோடு, "இதுல என்னத்த அக்கா எழுதறது?" என்றும் கேட்பார்கள். அப்படியே பேச்சு வளரும். வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை.

அக்கா, புது வருஷம்னா ஏதாவது சபதம் எடுத்தே ஆகணுமா?

ஆக வேண்டியதில்லை. எடுக்காதவர்கள் வீட்டிலும் பொங்கல் பொங்கத்தான் செய்கிறது. மனசில் ஏற்கெனவே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தாளில் எழுதி வைக்க இது ஒரு நல்ல சாக்கு. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் சபதம் பற்றிப் பேசப் போவதில்லை. "இந்த வருஷம் இது கொஞ்சம் நடந்தால் நன்றாயிருக்கும்" என்று தோன்றுவதைப் பற்றித்தான் பேச்சு. நடக்காவிட்டால் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. நீங்களும் உங்களைத் திட்டிக்கொள்ளக் கூடாது.

சின்ன ஆசைன்னா எப்படி? ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, பார்த்து எழுதிக்கிறேன்.

பார்த்து எழுதினால் அது என் ஆசையாகிவிடும். ஆனாலும் கடைக்கு வந்தவர்கள் சொன்னதில் சிலவற்றைச் சொல்கிறேன். பாட்டி செய்கிற சாமைச் சோற்றுப் பக்குவத்தைக் கேட்டு எழுதி வைப்பது. மாதம் ஒரு தடவை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுப்பது. தீர்த்தமலையை ஒரு தடவையாவது ஏறிப் பார்ப்பது. ஓரகத்தியோடு நின்றுபோன பேச்சைத் திரும்ப ஆரம்பிப்பது. ஓசூரில் வேலை கிடைத்த ஒரு பெண்ணுக்கு, கன்னடத்தில் நாலு வார்த்தை பேசிக் கடையில் சாமான் வாங்க வேண்டும் என்று ஆசை. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "ராத்திரிச் சாப்பாட்ட எட்டு மணிக்குள்ள முடிக்கணும், டிவி முன்னாடி இல்லாம" என்று எழுதச் சொன்னார். கண்ணாடி கொண்டு வராததால் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இவற்றில் ஒரு விஷயம் கவனியுங்கள். நடந்ததா இல்லையா என்று யோசிக்காமலே தெரியும். "உடம்பைப் பார்த்துக்கணும்", "நிம்மதியா இருக்கணும்" என்று எழுதினால் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரியாது. அதே சமயம் "வருஷத்துக்கு நூறு புத்தகம்" என்று எண்ணிக்கையில் இறங்கினால், படிப்பது போய் எண்ணுவதுதான் நடக்கும்.

ஜனவரி ஒண்ணா, தை ஒண்ணா, சித்திரையா? எங்க வீட்ல உகாதி வேற கும்பிடுவோம். எதுல ஆரம்பிக்கிறது?

நம் ஜில்லாக்களில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகள் நிறைய. அவர்களுக்கு மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ வருகிற உகாதிதான் வருஷப் பிறப்பு. மற்றவர்களுக்கு ஏப்ரல் 14 வாக்கில் சித்திரை. தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் சட்டமே வந்தது. 2011-ல் அதை ரத்து செய்து மறுபடியும் சித்திரைக்கே மாற்றினார்கள். முஸ்லிம் வீடுகளுக்கு முஹர்ரம் மாதத்தில் வருஷம் பிறக்கிறது. அது ஆங்கிலக் காலண்டரில் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னே வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளுக்கு ஜூன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஏப்ரல் 1.

இவ்வளவு வருஷப் பிறப்புகள் கையில் இருப்பது நமக்கு லாபம்தான். ஜனவரியில் முடியாவிட்டால் தையில் ஆரம்பிக்கலாம். தையில் உறவுக்காரர் கூட்டம் என்றால் உகாதிக்கு ஆரம்பிக்கலாம். பஞ்சாங்கத்தைப் பார்ப்பதை விட வீட்டு வேலையைப் பார்த்து நாள் குறியுங்கள். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்து, பானை வாங்கி, மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கிற வாரத்தில் புதுப் பழக்கம் ஒன்றையும் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எத்தனை ஆசை எழுதலாம்?

ஒன்று. ரொம்ப மனசு கேட்காவிட்டால் இரண்டு. பத்து எழுதுகிறவர்களுக்கு நான் டைரி விற்பேன், ஆனால் பத்தும் நடக்கும் என்று நம்பமாட்டேன்.

இதுக்கு டைரியே வாங்கணுமா?

கடைக்காரி சொல்லக் கூடாத பதில்: வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும். சமையலறையில் தொங்குகிற மாதக் காலண்டரில், செய்த நாளில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாலும் போதும். கேஸ் வந்த நாளும் பால் கணக்கும் ஏற்கெனவே அதில்தானே இருக்கிறது.

டைரிதான் வேண்டும் என்றால் பழைய பெட்டியைத் துழாவிப் பாருங்கள். 2015 டைரி எழுதாமல் கிடந்தால் 2026-க்குத் தேதியும் கிழமையும் அப்படியே பொருந்தும். இரண்டு வருஷமும் வியாழக்கிழமையில்தான் பிறந்தன. பண்டிகை நாட்கள் மட்டும் மாறும்.

எங்களுக்கு மாந்தோப்பு. தையில பூ, சித்திரை வந்தா காய் பறிப்பு. இதுல எங்க ஆசையெல்லாம் பார்க்கறது?

காரிமங்கலத்துக்காரர் ஒருவர் கேட்டது. நியாயமான கேள்வி. மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு ஜனவரி என்பது வருஷத்தின் தொடக்கமே இல்லை. பூ பிடிக்குமா, தத்துப்பூச்சி வருமா, எப்போது மருந்தடிப்பது என்று கவலையின் நடுவில் இருக்கிற மாதம். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை பறிப்பு, மண்டி, மாங்கூழ் ஆலை, லாரி வாடகை. ஆடி தாண்டின பிறகுதான் தோப்பில் ஆள் நடமாட்டம் குறையும். அவருக்கு நான் சொன்னது, ஆவணியில் ஆரம்பியுங்கள் என்றுதான். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதம் ஒரு காரியம் நடந்தாலே போதும். தோப்பு வேலை கழுத்தை நெரிக்கிற மாதங்களில் அது தூங்கட்டும்.

மானாவாரியில் ராகி போடுகிறவர்களுக்கு கார்த்திகை வாக்கில் அறுப்பும் களத்து வேலையும் இருக்கும். அது முடிந்து மார்கழி கடைசியில்தான் கொஞ்சம் மூச்சு விடலாம், அதனால் தை அவர்களுக்குப் பொருந்தும். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்கள் பாவம், அவர்களுக்கு ஓய்வு மாதம் என்று எதையும் சொல்ல முடியாது. விலை விழுந்தாலும் பறித்தாக வேண்டும், ஏறினாலும் பறித்தாக வேண்டும். அவர்கள் வருஷ ஆசை வைப்பதை விட, நாற்று நட்டதிலிருந்து கடைசிப் பறிப்பு வரைக்கும் என்று ஒரு வெள்ளாமைக்கு ஒரு ஆசை வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர்ல கம்பெனி வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்டு, ஒரு வாரம் நைட்டு. தினமும் காலைல ஆறு மணிக்குன்னு ஒண்ணு எப்படி வைக்கிறது?

மணியை வைத்து எழுதாதீர்கள். எந்த ஷிப்டு ஆனாலும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒட்டுங்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பத்துப் பக்கம் படிப்பது, ரூமுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன் தெருவை ஒரு சுற்று நடந்து வருவது, இப்படி. மணி மாறினாலும் பஸ்ஸும் ஷூவும் மாறாது.

நைட் ஷிப்டு வாரத்தில் தூக்கம்தான் முதல் வேலை. அந்த வாரத்தை ஆசைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் தப்பில்லை.

வீட்ல எல்லாருக்கும் செஞ்சு முடிக்கவே பொழுது போயிடுது. எனக்குன்னு ஒரு ஆசை வெச்சா சுயநலமா தெரியாதா அக்கா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஒரு ஆண்கூட இதுவரை கேட்டதில்லை.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அதியமான் கதையைச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பது பெருமையான கதைதான். ஆனால் அவன் அரசன், அவனுக்கு மற்றதெல்லாம் இருந்தது. காலை அஞ்சு மணிக்கு எழுந்து ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் சொந்தமாக இருந்தால் அதில் யாருடைய நெல்லிக்கனியும் பறிபோகாது.

எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். வீட்டுக்குள் இருந்தால் "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று குரல் வரத்தான் செய்யும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. நூலகமோ, கோயில் பிராகாரமோ, தோழி வீட்டுத் திண்ணையோ, எங்கேயாவது போய் உட்கார்ந்து வாருங்கள். எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு அம்மா வியாழக்கிழமை மதியம் மகள் பள்ளிக்கூடம் விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். கடைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் கோலம் வரைவார். கோல நோட்டு ஒன்று முடிந்து அடுத்தது ஓடுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். தெரிந்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று நானும் கேட்கவில்லை.

21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நான் பத்தாம் நாளே விட்டுட்டேன். அவ்வளவுதானா?

அந்த 21 நாள் கணக்கு 1960-ல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புது முகம் மனசில் பதியக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததைச் சொன்னார். கைமாறிக் கைமாறி அதில் "குறைந்தது" விழுந்துவிட்டது, முகமும் போய்ப் பழக்கம் வந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளியானது. அதில் ஒரு சின்னப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். உங்களுக்குத் தேவையான சேதி இன்னொன்றும் அதில் இருந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை.

அதனால் பதினோராம் நாள் செய்யுங்கள். பதினோராம் நாளும் போய்விட்டதா, சரி, சனிக்கிழமை செய்யுங்கள். முதலிலிருந்து எண்ண வேண்டாம். அப்புறமும் அடிக்கடி விட்டுப் போகிறது என்றால் ஆசையின் அளவைக் குறைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தைப் பத்து நிமிஷமாக்குங்கள்.

சுகர் இருக்கு. இந்த வருஷம் நடக்கணும், சோத்த விட்டுட்டு களிக்கு மாறணும்னு ஆசை. சரிதானே?

நடப்பது நல்ல ஆசை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிஷமாவது வேக நடை போன்ற உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளுக்கு அரை மணி வீதம் அஞ்சு நாள். அதை முதல் வாரமே எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷத்திலிருந்து ஏறுங்கள்.

களி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிக நம்பிக்கை. ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்தும் அரிசியை விட அதிகம். ஆனால் ராகியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். மூன்று உருண்டை களியும் கொஞ்சூண்டு கீரையும் என்று சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சிறிதாக்கி, கீரையையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டையும் நடையையும் திடீரென்று மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுகர் ரொம்ப இறங்கினாலும் ஆபத்து.

ஆசைய வெளிய சொல்லணுமா, மனசுக்குள்ள வெச்சுக்கணுமா?

கேலி பண்ணாத ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் போட்டால் அன்றைக்கே ஐம்பது பேர் கைதட்டுவார்கள், பாதி சாதித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடும். அப்புறம் மாசியில் யாராவது, "என்னாச்சு உன் வாக்கிங்கு?" என்று கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள்.

பையன் பத்தாவது. அவனுக்கு நான் ஒரு ஆசை எழுதித் தரலாமா? 450-க்கு மேலன்னு.

அது உங்கள் ஆசை. உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்குப் பொதுத்தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் தினமும் அந்த நம்பரைத்தான் கேட்கிறான்.

அவனையே கேட்டுப் பாருங்கள். பரீட்சை முடிந்ததும் நீச்சல் பழக வேண்டும், மாமா ஊருக்குத் தனியாக பஸ்ஸில் போக வேண்டும் என்று ஏதாவது வரும். அதற்குச் சரி என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நீச்சல் என்றால் கூடவே தெரிந்த ஆள் இருக்க வேண்டும். கிணற்றுக்கும் ஒகேனக்கலுக்கும் பையன்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

குழுவில வாங்கின கடன், வாரா வாரம் தவணை. ஆசையெல்லாம் காசு இருக்கிறவங்களுக்குத்தானே?

மேலே சொன்ன ஆசைகளில் பாதிக்கு மேல் காசே வேண்டியதில்லை. ஆனாலும் கேள்வியில் இருக்கிற அலுப்பு எனக்குப் புரிகிறது. தவணை நாள் வந்தால் மனசு வேறு எதிலும் ஓடாது.

கடனையே ஒரு சின்ன ஆசையாக்கலாம். யாருக்கு எவ்வளவு, எந்தக் கிழமை, இன்னும் எத்தனை தவணை என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பலருக்குத் தங்கள் மொத்தக் கடன் எவ்வளவு என்பதே தெரியாது, மூன்று அட்டைகளில் மூன்றாகக் கிடக்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்வதில்லை என்பதை இந்த வருஷத்து ஆசையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கடன் முடிந்ததும், அதில் கட்டிய தவணையில் ஒரு பங்கை தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடப் பாருங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், அஞ்சு வருஷத் திட்டம். தீபாவளிச் சீட்டு நடத்துகிறவரைப் பழக்கம் என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம்.

அப்பா தவறி இன்னும் வருஷம் திரும்பல. எங்க வீட்ல பண்டிகை இல்ல. நான் ஏதாவது எழுதலாமா?

எழுதலாம். எழுதாமலும் இருக்கலாம். பண்டிகை கொண்டாடாதது வீட்டு வழக்கம், அது நோட்டுக்குப் பொருந்தாது.

ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்பதால் எனக்கு ஒன்று தெரியும். ஒருவர் இறந்துபோன வருஷத்தில் குடும்பத்தின் தெம்பெல்லாம் காகிதத்திலேயே போய்விடும். இறப்புச் சான்றிதழ் பத்து காப்பி, வாரிசு சான்றிதழ், பட்டா, பேங்க் பாஸ்புக் என்று ஒரே கவரைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவைக்கும் அலைவார்கள். அந்த வேலை முடிவதே இந்த வருஷத்துக்குப் போதும். அதற்கு மேல் மனசு இருந்தால், பழைய போட்டோக்களின் பின்னால் யார் யார் என்று அம்மாவைக் கேட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அம்மாவுக்கும் பேச ஒரு காரணம் கிடைக்கும்.

வீட்டுக்காரர் ஜனவரி ஒண்ணாந்தேதி குடிய நிறுத்தறேன்னு சொல்றார். இதுவும் சின்ன ஆசையில சேருமா?

சேராது. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் புத்தி தடுமாற்றமும்கூட வரும், அது உயிருக்கே ஆபத்து. அவர் மனசு வைத்திருக்கிற இந்த நேரத்திலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்தச் செய்யுங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவச எண்கள்.

நடுவில் ஒரு நாள் தவறலாம் என்று 21 நாள் கேள்வியில் சொன்னதை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே தவறினால் மறுபடி டாக்டரிடம்தான் போக வேண்டும். அவர் மேல் கோபப்படுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நான் அதில் புத்தி சொல்ல மாட்டேன்.

பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. மாசத்துல ரெண்டு நாள்தான் ஊரு. புள்ளைங்களோட இருக்கணும்னு ஆசை. வேலைய விட்டுட்டு வந்துடவா?

வேலையை விடுவது வருஷப் பிறப்பில் எழுதிவிடுகிற விஷயம் இல்லை. மனைவியோடு உட்கார்ந்து, இங்கே என்ன கூலி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்கள்.

இப்போதைக்கு அந்த இரண்டு நாளைப் பாருங்கள். முதல் நாள் தூக்கம், ரெண்டாம் நாள் பேங்க், ரேஷன், யாராவது வீட்டு விசேஷம், சாயங்காலம் பஸ். ஒரே ஒரு மாலை எந்த விசேஷத்துக்கும் போகாமல் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் போனில் "படிச்சியா, சாப்பிட்டியா" என்று கேட்டால் "ம்" என்ற பதில்தான் வரும். சின்னவனைப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்கலாம். ஷிப்டுக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: மணி வைக்காதீர்கள், ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வருஷத்துல அந்த ஆசையே போயிடுச்சு. புதுசா வேற ஒண்ணு தோணுது. மாத்திக்கலாமா?

மாற்றிக்கொள்ளுங்கள். கிடார் பழக ஆசைப்பட்டு, ரெண்டு மாதத்தில் கிடார் வாசிப்பதை விடக் கேட்பதுதான் பிடிக்கிறது என்று ஒருவர் தெரிந்துகொண்டார். வாங்கின விலையில் முக்கால்வாசிக்கு அதை விற்றும்விட்டார். கஷ்டமாக இருப்பதால் விடுகிறீர்களா, பிடிக்காமல் விடுகிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கஷ்டம் என்றால் முதலில் அளவைக் குறைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, கீழே புதுசை எழுதுங்கள். பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், பின்பக்கம் மளிகைக் கணக்குக்கு ஆகும்.